டெட் டைம் சார் புரொபசர் ஆன விதம்

வரிசைக்குப் பேர்போன திருப்பதியில், தனக்குப் பின்னால் நிற்பவரை "நீங்க போங்க" என்று முன்னால் அனுப்பிவிட்டு நிம்மதியாக மூச்சு விடும் மனிதர் ஒரே ஒருவர்தான் உண்டு. நாங்கள் அவரை டெட் டைம் சார் என்போம். பெற்றவர்கள் வைத்த பெயர் கல்லூரி ஆபீசுக்கு மட்டும் தெரியும்.

பவர் எலக்ட்ரானிக்ஸ் அவர் பாடம். கரண்டு போனால் வீட்டில் ஃபேனைச் சுற்ற வைக்கிறதே இன்வெர்ட்டர், அதற்குள் மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு சுவிட்சுகள் மாறி மாறி வேலை செய்யும். இரண்டும் ஒரே நேரத்தில் ஆன் ஆனால் டமார். அதனால் ஒன்று அணைந்தபின் துளி இடைவெளி விட்டுத்தான் மற்றது விழிக்க வேண்டும். அந்த இடைவெளிதான் டெட் டைம். இதையே இருபது வருஷம் நடத்தியதில் சாரின் உடம்பில் அது ஏறிவிட்டது. யார் எதைக் கேட்டாலும், கேட்டவர் முழுதாக அணைந்துவிட்டாரா என்று பார்த்து, இரண்டு செகண்டு விட்டுத்தான் பதில் சொல்வார்.

சித்தூரில் வீடு; திருப்பதியில் இருக்கும் கல்லூரிக்குத் தினமும் பஸ். இறங்குகிறவர்கள் கடைசி ஆள் வரை இறங்காமல் படியில் கால் வைக்க மாட்டார்.

"எக்கண்டி சார், ஏறுங்க! பஸ் போயிடும்!" என்று கத்துவார் கண்டக்டர்.

இரண்டு செகண்டு. "எறங்கறவங்க எறங்கட்டும்பா."

"எல்லாரும் எறங்கியாச்சு சார்!"

இரண்டு செகண்டு. "படியிலே இன்னும் ஒருத்தர் கால் தெரியுது."

"அது என் கால் சார்!"

இவர் கல்யாணம் செய்துகொண்டதே அதிசயம். சர்ச்சில் போதகர், "இவளை மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா?" என்று கேட்டதும் மாப்பிள்ளை வழக்கம்போல் இடைவெளி விட்டிருக்கிறார். "எங்க அண்ணன் சட்டைக் கையை மடிச்சிக்கினு எழுந்துட்டாரு. அப்புறமாத்தான் 'ஏற்றுக்கொள்கிறேன்'னு சத்தம் வந்துச்சு" என்று அவர் வீட்டம்மா எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

சிரிக்க முடியாத இடம் ஒன்று இருந்தது. புரொபசர் பதவிக்கான இண்டர்வியூ. அசோசியேட் புரொபசராகவே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. கமிட்டி கேள்வி கேட்கும். சார் இடைவெளி விடுவார். இவருக்குத் தெரியாது போலிருக்கிறது என்று கமிட்டி அடுத்த கேள்விக்குத் தாவும். அப்போது முதல் கேள்விக்குப் பதில் வரும். மோட்டாரைப் பற்றிக் கேட்டால் டிரான்ஸ்ஃபார்மரைப் பற்றி அருமையாகச் சொல்வார். மூன்று தடவை இப்படியே போயிற்று. அவரிடம் படித்த பையன் ஒருவன் அவருக்கு முன்பே புரொபசராகி, "சார், உட்காருங்க" என்று அவருக்கே நாற்காலி காட்டினான்.

நாலாவது தடவை நான் மூன்றாம் வருஷம். எங்கள் வகுப்பே கச்சை கட்டியது.

"சார், கேள்வி கேட்ட உடனே 'நல்ல கேள்வி'ன்னு சொல்லிடுங்க. அதுக்குள்ள ரெண்டு செகண்டு ஓடிடும்" என்றேன்.

இரண்டு செகண்டு. "நல்ல கேள்வியா இல்லேன்னா?"

இந்தத் தடவை கமிட்டி லேபுக்கே வந்து அவர் செய்த இன்வெர்ட்டரைப் பார்ப்பதாக ஏற்பாடு. என் நைனா சித்தூர் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் மூட்டை இறக்குகிறவர். வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். படித்ததை உடனே உபயோகித்துவிட வேண்டும் என்கிற அவசரம் எனக்கு எப்போதும் உண்டு. இன்வெர்ட்டரில் டெட் டைமைக் குறைத்தால், அளக்கும் கருவியின் திரையில் கரண்டு அலை வழவழவென்று வரும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் யாரும் இல்லாதபோது கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்குக் குறைத்தேன். குறைந்த வோல்டேஜில் போட்டுப் பார்த்தேன். நெய் தடவியது போல் அலை! சார் நாளைக்கே புரொபசர் என்று நினைத்துத் தூங்கினேன்.

மறுநாள் கமிட்டித் தலைவர், தமிழ்நாட்டிலிருந்து வந்த பரபரப்பான பெரியவர், அந்த அலையைப் பார்த்து, "ஆஹா! ஃபுல் வோல்டேஜ் கொடுப்போம்!" என்று தானே குமிழைத் திருகினார்.

டமார்.

புகை அடங்கியபோது தலைவரின் வெள்ளைச் சட்டை நைனாவின் ஃபேக்டரி பாய்லர்க்காரர் சட்டையாகியிருந்தது.

"செட்டிங்ஸ்லே கை வச்சது யாரு?"

எனக்கு நைனா முகம்தான் கண்ணில் வந்தது.

"நான்தான்" என்றார் சார். இடைவெளியே இல்லை.

"இப்போ மட்டும் டக்குனு பதில் வருதே!" என்று பல்லைக் கடித்தார் தலைவர். அந்த வருஷமும் பதவி போயிற்று.

வராண்டாவில் அழாத குறையாக அவர் பின்னால் ஓடினேன். "சார், அது நான் சார்."

இரண்டு செகண்டு. "தெரியும்டா. அலையைப் பார்த்தப்பவே தெரியும். நான் செஞ்சது அவ்ளோ அழகா எப்படா இருந்துச்சு?"

"அப்போ அவரைத் தடுத்திருக்கலாமே சார்?"

இரண்டு செகண்டு. "தடுக்கத்தான் வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள திருகிட்டாரு."

அடுத்த வருஷம் அதே தலைவர்தான். ஆனால் சட்டையை நினைத்தாரோ என்னவோ, இண்டர்வியூ ஆன்லைனில் என்று சொல்லிவிட்டார். லேப்டாப்பை இணைத்துக் கொடுத்துவிட்டு நான் பீரோ பக்கத்தில் நின்றேன். முதல் கேள்வி. இடைவெளி. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"சாரி சார்," என்றார் தலைவர் திரையில், "எங்க பக்கம் நெட் கொஞ்சம் வீக். நீங்க நிதானமாச் சொல்லுங்க."

கேள்விக்குக் கேள்வி கைகட்டிக் காத்திருந்தார்கள். சார் ஒவ்வொன்றுக்கும் அதனதன் பதிலையே சொன்னார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது அன்றைக்குத்தான் கமிட்டிக்குத் தெரிந்தது. பதவியும் வந்தது.

ஆர்டர் கைக்கு வரும்போது நான் ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் வேலையில் சேர்ந்திருந்தேன். புரொபசர் என்று பொறித்த போர்டைக் கதவில் மாட்ட நான்தான் வருவேன் என்று அடம்பிடித்து லீவு போட்டுப் போனேன். நாலே நாலு ஸ்க்ரூ. கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்ற சார், "சீக்கிரம் முடுக்குடா, எல்லாரும் பாக்கறாங்க" என்று கூச்சப்பட்டார். எல்லாரும் பார்க்கட்டும் என்று, ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி மறுபடியும் முதலிலிருந்து முடுக்கினேன்.