வச்சிரதந்தன் பெயர்மாற்றப் பெரும்போர்

குழிவில்லையும் குவிவில்லையும் இரு பெரும்படைகளாய் எதிரெதிர் அணிவகுத்து நிற்கும் கடையின் கோமானே, வாழி! எள்ளினும் சிறிய திருகாணியை இமை கொட்டாமல் முடுக்கும் விரற்றிறல் வீரனே, மங்கிய விழியோர்க்குத் தொலைந்த எழுத்துகளை மீட்டுத் தரும் வள்ளலே, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனே, நின் கொற்றம் வாழி! ஒரு முயலின் பெயரை மாற்றுவதற்காக, அதுவும் முறைப்படி மாற்றுவதற்காக, நீ தன்னந்தனியனாய்ச் சென்று புரிந்த பெரும்போரைப் பிழையறப் பாடுதற்கு என் நாவிற்கு வலிமை உண்டாகுக!

வெண்முகிலின் துண்டொன்று வானுலக வாழ்வு சலித்து, நாற்காலும் நெடுஞ்செவியும் பெற்று மண்ணுக்கு இறங்கியதோ என ஐயுறத்தக்க அம்முயலை, நம் தலைவன் தன் ஒரே மகளுக்காக ஒரு பெண்மணியிடம் வாங்கினான். அப்பெண்மணி தொழிலாற் பல் மருத்துவர்; மருத்துவமனையின் பின்கட்டிலோ, உயர்குல முயல்களை மரபு பிசகாமல் பெருக்கி வளர்க்கும் பேரரசி. மாந்தர்தம் பற்களின் சிதைவையே நாளெல்லாம் கண்டு கசந்த அவர் நெஞ்சம், ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும் முயற்பற்களில் ஆறுதல் கண்டதில் வியப்பென்ன? தம் முயற்குலத்திற்கு ‘முத்துப்பல் மாளிகை’ என்று குடிப்பெயர் சூட்டிய அவர், இம்முயலுக்கு, வைரம்போலும் பல்லினன் என்னும் பொருள்பட, ‘வச்சிரதந்தன்’ என்று இயற்பெயர் இட்டு அனுப்பினார்.

குலமுயலின் பெயரை மாற்றுவதற்கும் ஒரு நெறியுண்டு என்பதை இவ்வுலகம் மறந்தே போயிற்று. குடிப்பெயரை எக்காலத்தும் வெட்டலாகாது; இயற்பெயரை மாற்ற விழைவோர், அதனைச் சூட்டியவரிடம் நேரிற் சென்று ஒரு சொல் கேட்டு, அவர் மனமுவந்து விடுத்த பின்னரே மாற்றுதல் வேண்டும். இன்றைய மாந்தர் செய்வதென்ன? முயலை வாங்கி வீடு சேருமுன்பே, வண்டியில் வைத்தே ‘புஜ்ஜி’ என்கிறார்கள்! ஒருவர் ஆய்ந்து ஆய்ந்து சூட்டிய பெயரை, தின்று முடித்த மிட்டாயின் தாளைப்போலச் சன்னலுக்கு வெளியே எறியும் இக்கொடியோரை எச்சொல்லால் இடித்துரைப்பது? நம் தலைவன் அக்கூட்டத்தினன் அல்லன்.

ஆயினும் அவனுக்கும் ஒரு நெருக்கடி நேர்ந்தது. மறுநாள் முயற்கண்காட்சி. முயலை மேசைமேல் நிறுத்தியதும், நடுவர் வினவ, வளர்ப்பவர் தம் வாயாலேயே அதன் பெயரைச் சொல்லவேண்டும். அவன் மகளுக்கோ, மேல்வாயின் முன்வாயிற் காவலர் இருவரும் அவ்வாரந்தான் உதிர்ந்து, கோட்டை திறந்து கிடந்தது. வச்சிரதந்தன் என்னும் பெரும்பெயர் அவ்வழியே புறப்படுந்தோறும், பாதி காற்றாகவும் மீதி எச்சிற்சாரலாகவும் சிதறியது. கண்ணாடிமுன் நின்று பயின்று பயின்று தோற்ற அச்சிறுமி, அழுகையை விழுங்கிக்கொண்டு அறிவித்தாள்:

“நான் வரலப்பா. நான் அந்தப் பேரச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. பல்லு முளைச்சப்புறம் போலாம்.”

“யாரும் சிரிக்க மாட்டாங்க. வீட்டுல நீ கூப்பிடற மாதிரி மொக்குன்னே சொல்லிக்கோ. அப்பா இன்னிக்கே போய்ப் பேர மாத்திட்டு வரேன்.”

“நெசமா?”

“நெசமாத்தான்டா கண்ணு.”

மலரா அரும்பைக் குறிக்கும் ‘மொக்கு’ என்னும் அப்பெயர், இதழ் கூடிப் பிறந்து அடிநாவில் முடிவது. முன்பல்லின் தயவு அதற்கு வேண்டா. ஆனால் கண்காட்சியாருக்குரிய பெயர்ப்பட்டியலை அன்று மாலைக்குள் அறிவிக்கும் உரிமை, முயலை ஈன்றளித்த மாளிகையின் தலைவியாகிய அம்மருத்துவருக்கே உண்டு. எனவே நம் தலைவன் கடையைப் பாதியிற் பூட்டிப் போர்க்கோலம் பூண்டான்.

இவ்விடத்தில் அவனது உட்பகையை மறைத்தல் அறமாகாது. அவனுடைய கீழ்வாயின் இடக்கோடியில், சொத்தைப்பல் ஒன்று நெடுங்காலமாய்க் கலகம் விளைத்துக் கொண்டிருந்தது. முயல் வாங்க வந்த அன்றே அவன் கன்னத்தைத் தாங்கி நின்ற கோலத்தைக் கண்டுகொண்ட மருத்துவர், வந்து காட்டுமாறு பணிக்க, “அடுத்த வாரம் வரேன் டாக்டர்” என்று கூறி, கூண்டிலிருந்த முயலும் நாணும்படி பாய்ந்தோடியவன் அவன். அன்று தப்பிய புலியின் குகைக்கே இன்று தானாக நடந்து சென்றான்!

வாயிலைக் காத்தவள் ஒரு பணிப்பெண்.

“டோக்கன் வாங்கினீங்களா சார்?”

“முயல் விஷயமா வந்தேன்மா.”

“முயலுக்கெல்லாம் இங்க பல்லு பாக்கறதில்ல சார்.”

இச்சொல்லம்பு தைத்தும் தளராத தலைவன், டோக்கன் பெற்று, உள்ளிருந்து எழுந்த துளைகருவியின் வண்டோசையை வெஞ்சமர் முரசென நெஞ்சிலேற்று, கன்னம் வீங்கியோர் வரிசையில் காத்திருந்து, தன் முறை வந்ததும் உட்புகுந்தான். அந்தோ! அவ்வறையில் அமர்தற்கு அமைந்த இருக்கை ஒன்றே ஒன்று. ஏறியவரை மல்லாத்தி, எதிரியிடம் ஒப்படைக்கும் வஞ்சகத் தேரனைய நாற்காலி அது. நின்றுகொண்டு வேண்டுதல் மரியாதையன்று என்று கருதி, மரியாதை ஒன்றையே கவசமாகக் கொண்ட அவன் அதன்மேல் ஏறினான். நாற்காலி சாய்ந்தது. தலைக்குமேல் ஒற்றைக் கண் விளக்கு விழித்தது.

“அப்பாடா, வந்துட்டீங்க! இடது பக்கம் கீழதானே?”

“பல்லுக்கு வரல டாக்டர். முயலோட பேர மாத்திக்கலாமான்னு, உங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு...”

மருத்துவரின் கையிலிருந்த சிறுகண்ணாடி அந்தரத்தில் நின்றது. நெடுநாள் முற்றுகையிடப்பட்டிருந்த நகரின் வாயிலில், நட்புக்கொடியுடன் ஒருவன் வந்து நின்றாற்போல் அவர் திகைத்தார்.

“என்கிட்ட எத்தனையோ பேரு முயல் வாங்கியிருக்காங்க. ஒருத்தராவது வந்து கேட்டதில்ல. போன மாசம் ஒருத்தர் ஃபோன் பண்ணி, ‘டாக்டர், புஜ்ஜிக்கு வயித்தால போகுது’ங்கறாரு. எந்தப் புஜ்ஜின்னு விசாரிச்சா, நான் பார்த்துப் பார்த்துப் பேரு வச்ச ரத்னகேசரி!”

அதன்பின், சாய்ந்து கிடந்த தலைவனின்மேல் நின்று, அவர் வச்சிரதந்தனின் குலவரலாற்றை முழங்கினார். அதன் தந்தை பெற்ற பதக்கங்கள், பாட்டன் கடித்தறுத்த மின்கம்பிகள், கொள்ளுப்பாட்டியின் செவிநீளம் யாவும் இடியென இறங்கின. நம் தலைவனோ எதிருரை எதுவும் எறியாமல், தன் மகளின் வாய்நிலையை மட்டும் பணிவாக எடுத்துரைத்தான். அச்சொல் கேட்டு மருத்துவரின் கல்நெஞ்சம் நெகிழ்ந்தது; ஆனால் தொழில்நெஞ்சம் நெகிழவில்லை.

“சரி சார், மாளிகைப் பேரு மட்டும் அப்படியே இருக்கணும். மத்தபடி வச்சிரதந்தன நான் விட்டுத்தரேன். அந்தப் பல்ல நீங்க விட்டுத்தாங்க.”

“நாளைக்கு வரேனே டாக்டர்?”

“அப்ப பேரும் நாளைக்கு.”

என்னே இக்கொடிய உடன்படிக்கை! நாளை என்பது கண்காட்சி நாளன்றோ! ஒருபால் தந்தையின் வாக்கு, மறுபால் குறடு. ஓடிவிடலாமென்று வலக்கால் எழுந்தது; மகள் கண்ணாடிமுன் உதட்டைக் கடித்து நின்ற காட்சி, அக்காலைப் பற்றி மீண்டும் கிடத்தியது. உலகுண்ட வாய்போல் தன் வாயை அகலத் திறந்தான் அவ்வீரன்.

ஊசி என்னும் தூசிப்படை முன்சென்று ஈறெனும் நிலத்தை மரத்துப்போகச் செய்தது. உறிஞ்சுகுழல் சங்கென ஊதியது. குறடு வந்து வேரைப் பற்றியது. பற்றிய குறடும் பற்றப்பட்ட பல்லும், மதயானைகள் இரண்டு கோட்டைக் கதவின் இருபுறமும் நின்று முட்டினாற்போல முட்ட, தலைவனின் கால்விரல்கள் செருப்புக்குள் சுருண்டு மாய, கைகள் நாற்காலியின் தோள்களை நெரிக்க, வெளியே காத்திருந்தோரில் ஒருவர் தம் டோக்கனை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடக்க, மடாரென்னும் ஒலியுடன் வீழ்ந்தது அக்கலகக்காரப் பல்!

மருத்துவர் கையுறையைக் கழற்றிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். “பேரு மாத்திக்கோங்க. முத்துப்பல் மாளிகை மொக்கு. மொக்கைன்னு எழுதித் தொலைச்சிடாதீங்க. மொக்கு, பூ மொக்கு.”

மறுநாள், கூண்டுகளும் கூக்குரல்களும் நிறைந்த மண்டபத்தில், ஒருபுறம் உப்பிய கன்னத்தோடு தந்தை நிற்க, முயலை மேசைமேல் ஏற்றினாள் மகள். ஒலிபெருக்கி குடிப்பெயரோடு முழங்கி ஓய்ந்தபின், நடுவர் குனிந்து, “உன் முயல் பேரு என்ன பாப்பா?” என்று வினவினார்.

“மொக்கு!”

காற்று கசியவில்லை, சாரல் தெறிக்கவில்லை, மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அச்சொல் கூரை முட்டி எதிரொலித்தது. பேச இயலாத தந்தை இரு கைகளையும் உயர்த்தி ஆர்த்தான். எட்டுத் திசைகளே, கேண்மின்! கேளாது பெயர் மாற்றும் கீழோரே, நாணுமின்! கேட்டுப் பெற்றான், பல் கொடுத்துப் பெற்றான், வாக்குத் தவறாத அவ்வண்ணலின் வெற்றிக்கொடி விண்ணளாவப் பறப்பதைக் காண்மின்!

பரிசு பக்கத்து மேசை முயலுக்குப் போனது, இவர்கள் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்கள்.