பின்சீட்டில் அத்தை

பழைய கார் வாங்கி ஏமாறுவது ஒரு தவறு. அதை ஒப்புக்கொள்ளாமல் நான்கு வருடம் ரிப்பேர் செய்துகொண்டே இருப்பது குணம். எனக்கு இரண்டாவதுதான் முதலிலிருந்தே பிரச்சினை.

நான் துடியலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறேன். வெப்பம், விசை, ஆற்றல் எல்லாம் கரும்பலகையில் எனக்குக் கட்டுப்படும். அந்தத் தைரியத்தில்தான் யாரையும் கேட்காமல் அந்தச் சின்னக் காரை வாங்கினேன். என் கணவர் செந்தில் பம்பு மோட்டார் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர். காரைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "எஞ்சின் சத்தம் சரியில்ல கவி" என்றார். "எஞ்சின்னா சத்தம் வரத்தானுங்க செய்யும்" என்று நான் விளக்கினேன். (பத்தொன்பது வருடமாக மோட்டாரோடு குடித்தனம் நடத்துகிற மனிதரிடம்.)

காருக்கு இருந்த முக்கியமான நோய் ஒன்றுதான். ஓடிச் சூடானபின் நிறுத்தினால், நாற்பது நிமிடத்துக்கு மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். நான் ஒரு நோட்டுப் போட்டு, எங்கே நின்றது, எத்தனை டிகிரி வெயில் என்றெல்லாம் குறித்து வரைபடமே வரைந்தேன். வரைபடம் மிக அழகாக வந்தது. கார் நின்றுகொண்டே இருந்தது.

மெக்கானிக் ரங்கராஜ் ஒவ்வொரு முறையும், "ஒண்ணும் பிரச்சன இல்லீங்க டீச்சர், சரி பண்ணிப்போடலாம்" என்பார். பேட்டரி மாற்றினார், பிளக் மாற்றினார், பெட்ரோல் பம்பு மாற்றினார். மாற்றாமல் விட்டது நம்பர் பிளேட்டை மட்டும்தான். இதில் பின்பக்க வலது கதவு வாங்கிய நாளிலிருந்தே திறக்காது. இடது கதவு திறக்கும், ஆனால் மனது வைத்தால்தான்.

ஆண்டு விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினரை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டதோடு கதை முடிவுக்கு வந்தது. அவர் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கவுண்டம்பாளையம் வரை காரைத் தள்ளினார். பிறகு மேடையில் ஏறி விடாமுயற்சியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பேச்சு முழுக்க என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் செந்தில் சொன்னார்: "ரிப்பேர் போதும் கவி. குடுத்துட்டு வேற பாக்கலாம்."

"இன்னும் ஒரே ஒரு தடவ பாத்துட்டு..."

"கண்ணு," என்றார் என் மாமியார். அத்தை எப்போதும் என் பக்கம் பேசுகிறவர். அன்று அவரும், "அந்தத் தகரத்தத் தொலச்சுப்போடு கண்ணு. போன வாரம் முட்டி டாக்டருகிட்டப் போயிட்டு, முட்டி வலியோட நடந்தே வந்தனாக்கும்" என்றார். இரண்டுக்கு ஒன்று. நான் தோற்றேன்.

தெரிந்தவர் மூலம் ஒருவர் கிடைத்தார். அந்தியூர்க்காரர், பெயர் நாச்சிமுத்து. மாட்டு வியாபாரம், கொஞ்சம் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பஸ்ஸில் வருவதாகவும், பிடித்திருந்தால் அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விடுவதாகவும் சொன்னார். நானும் செந்திலும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். பொய் சொல்லக் கூடாது. அவர் கேட்காததைச் சொல்லவும் கூடாது. (அன்றைக்கு எங்கள் நேர்மையின் நீள அகலம் அவ்வளவுதான்.)

ஞாயிறு காலை காரைக் கழுவக் கொண்டுபோனோம். அங்கே கூட்டம். திரும்பி வரும்போது ஒன்பதே முக்கால். நான் கணக்குப் போட்டேன்: இப்போது நிறுத்தினால் பத்து இருபத்தைந்துக்குத்தான் கிளம்பும், அவர் வருவது பத்துக்கு. ஆகவே காரை நிறுத்தவே கூடாது. வாசல் வேப்பமரத்தடியில் ஏசி ஓட, எஞ்சின் ஓட விட்டுவைத்தோம்.

அன்றைக்குப் பார்த்து எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. அத்தை முறம் நிறையச் சின்ன வெங்காயத்தை வைத்துக்கொண்டு வேர்த்துப்போய் வெளியே வந்தார். "சும்மாதான ஓடிட்டு நிக்குது" என்று சொல்லிப் பின்சீட்டில் ஏறி, குளிரக் குளிர உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்தக் கதவு அதோடு திறக்கவில்லை.

உள்ளேயிருந்து திறக்கவில்லை. வெளியேயிருந்து நான் இழுத்தேன். பிறகு செந்தில் ஒரு காலைக் காரில் ஊன்றி இழுத்தார். கைப்பிடி தனியாகக் கழன்று அவர் கையோடு வந்தது. கண்ணாடியை இறக்கும் பிடி எப்போதோ உடைந்து போயிருந்தது. முன்சீட்டு வழியாக ஏறி வர அத்தையின் முட்டி ஒத்துக்கொள்ளாது. முன்சீட்டைக் கழற்றிவிடலாமா என்று செந்தில் யோசித்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவர் கைப்பிடியைச் சட்டென்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"ஏனுங்க, செந்தில் ஊடு இதுதானுங்களா?"

நாச்சிமுத்துவுக்கு அறுபது வயது இருக்கும். தோளில் பச்சைத் துண்டு. காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராகக் காரிடம் போனார். மாட்டைப் பார்ப்பது போலவே பார்த்தார். முதலில் தள்ளி நின்று நிற்கும் தோரணையைப் பார்த்தார். பிறகு வலமாகச் சுற்றி வந்து பின்பக்கம் குனிந்தார். டிக்கியின் மேல் வட்டமாக ஒரு நசுங்கல்.

"பின்னால ஒரு சுழி இருக்குதுங்களே."

"தென்னமட்ட உழுந்ததுங்க" என்றார் செந்தில்.

"அப்பச் சரிங்க. நல்ல சுழிதான்."

பானெட்டைத் திறந்து பல் பார்ப்பது போல உள்ளே பார்த்தார். மூடிவிட்டு நிமிர்ந்தபோது பின்கண்ணாடி வழியாக அத்தையைப் பார்த்தார்.

"உள்ளார யாருங்க?"

"எங்க அத்தைங்க."

"எறங்கறதில்லீங்களா?"

கதவு திறக்காது என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தைத் தைரியம் போதும். ஆனால் நான் வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது. "காரை விக்கறோம்னு சொன்னதுல இருந்து மனசு தாங்கலீங்க. காத்தால இருந்து உள்ளயே உக்காந்துட்டாங்க."

செந்தில் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் என்னால் விவரிக்க முடியாது.

நாங்கள் வெளியே பேசுவது எதுவும் மூடிய காருக்குள் அத்தைக்குக் கேட்காது. அவர் பாதி வெங்காயம் உரித்து முடித்திருந்தார். அடைத்த காருக்குள் அரைக் கிலோ சின்ன வெங்காயம் என்ன செய்யும் என்பதற்கு இயற்பியல் தேவையில்லை. கண்ணும் மூக்கும் ஒழுக, கண்ணாடியில் படபடவென்று தட்டி, கதவைக் காட்டிக் கையை ஆட்டினார்.

"என்னங்க சொல்றாங்க?" என்றார் நாச்சிமுத்து.

"விக்க வேண்டாங்கறாங்க" என்றேன்.

அவர் முகம் கனத்துவிட்டது. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஒரு நட ஓட்டிப் பாத்தரலாங்க. அம்மா அப்படியே இருக்கட்டும், தொந்தரவு பண்ண வேண்டாம்."

அவர் ஓட்ட, பக்கத்தில் செந்தில். எனக்கு இடம் பின்சீட்டில்தான். முன்கதவு வழியாக ஏறி, இரண்டு சீட்டுக்கும் நடுவே புகுந்து, முதலில் தலையும் கடைசியில் செருப்புமாகப் பின்னால் போய் விழுந்தேன். "எங்களுக்கு இப்படி ஏறித்தான் பழக்கங்க" என்றேன். அவர் கியரைப் போட்டார்.

அத்தையின் காதில், "ஒண்ணும் பேசீராதீங்க அத்தை, கொஞ்ச நேரம்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். கண்ணை மூட முடியவில்லை. அது வழிந்துகொண்டே இருந்தது.

மேட்டுப்பாளையம் சாலையில் கார் அருமையாக ஓடியது. நாச்சிமுத்து கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, ரொம்பச் சங்கடமா இருக்குதுங்களா?"

அத்தைக்கு நேரடியாகக் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாது. "இல்லாம இருக்குங்களா. எறங்கவே முடியலீங்க சாமி."

"புரியுதுங்கம்மா."

"எத்தன தட்டுத் தட்டறேன். பெத்த மவனே கண்டுக்கல."

நாச்சிமுத்து செந்திலைத் திரும்பிப் பார்த்தார். செந்தில் கண்ணாடிக்கு வெளியே போகிற பஸ்ஸை மிக ஆர்வமாகப் பார்த்தார். பாக்கெட்டில் கைப்பிடி துருத்திக்கொண்டிருந்தது.

அப்போது சிக்னல் விழுந்தது. சிக்கனமான மனிதர்கள் சிவப்பு விளக்கில் என்ன செய்வார்கள் என்பதை என் கணக்கில் நான் சேர்க்கவில்லை. நாச்சிமுத்து கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார்.

"ஐயோ, வேண்டாங்க" என்று நானும் செந்திலும் ஒரே குரலில் சொன்னோம். எஞ்சின் அடங்கிவிட்டிருந்தது.

பச்சை விழுந்தது. பின்னால் இருந்த லாரி, பஸ், ஆட்டோ எல்லாம் ஒன்றாக ஹாரன் அடித்தன. செந்திலும் இரண்டு ஆட்டோக்காரர்களும் தள்ள, கார் ஒரு டீக்கடை முன்னால் போய் ஓரங்கட்டியது. நான் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. டீக்கடையில் என் மாணவனின் அப்பா ஒருவர், "டீச்சர், வண்டி இன்னைக்கும் நின்னுருச்சுங்களா?" என்று அக்கறையாகக் கேட்டார். அந்த 'இன்னைக்கும்' போதும், வியாபாரம் முடிந்தது என்று நினைத்தேன்.

நாச்சிமுத்து நான்கு டீ சொன்னார். அத்தைக்கு ஒன்றைச் சீட்டுக்கு நடுவே இரண்டு கையாலும் நீட்டினார். பிறகு செந்திலிடம் சாவகாசமாகக் கேட்டார்.

"சூடாச்சுன்னாப் புடிக்காது. முக்கா மணி நேரங் களிச்சுப் புடிக்கும். அதானுங்க?"

செந்தில் தலையாட்டினார்.

"எந்தம்பி காருலயும் இதே கததானுங்க. எஞ்சினுக்குப் பக்கத்துல கட்டவெரலு மாதர ஒரு சென்சாரு. அது சூடானா வேல செய்யாது. அத மாத்துனாப் போச்சு. பின்கதவு ரெண்டுந் தொறக்காது, உங்க அம்மணி குதிச்சு ஏறுனப்பவே தெரிஞ்சுதுங்க. அதெல்லாம் ஒரு குத்தமா. உருப்படி நல்ல உருப்படி."

நான்கு வருடம், ஒரு நோட்டு, வரைபடம். கட்டைவிரல் அளவு ஒரு சாமான்.

அவர் தோள் துண்டை எடுத்துச் செந்தில் கைமேல் போட்டு, அதற்கடியில் தன் கையை விட்டு விரலைப் பிடித்தார். சந்தையில் அப்படித்தான் விலை பேசுவார்கள். செந்திலுக்கு அது தெரியாது. தனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்து, அவர் கையை உருக்கமாகப் பிடித்துக்கொண்டார். இருவரும் அப்படியே நின்றார்கள்.

பிடித்த கையோடு நாச்சிமுத்து அத்தை பக்கம் திரும்பினார். டீயைக் குடித்துவிட்டு அத்தை மீதி வெங்காயத்தை எடுத்திருந்தார். புதிதாகக் கண்ணீர் வழிந்தது. நாச்சிமுத்து மெதுவாகக் கையை உருவிக்கொண்டார்.

"வேண்டாங்க. வண்டி மேல கொறையில்ல. எல்லாந் தெரிஞ்சும் வாங்கிப்போடலாம்னுதான் இருந்தேன். ஆனா பெரியவங்க அளுது குடுத்த உருப்படி நம்ம பட்டிக்கு ஆகாதுங்க."

"இல்லீங்க, அத்தை வந்து..." என்று ஆரம்பித்தேன். எங்கிருந்து ஆரம்பித்தாலும் நான் பொய் சொன்னேன் என்ற இடத்தில்தான் முடிய வேண்டியிருந்தது. நிறுத்திவிட்டேன்.

"நீங்களும் விக்கக் கூடாதுங்க" என்றார் அவர் செந்திலிடம். "இந்தம்மா உசுரோட இருக்கற வரைக்கும் வண்டி உங்க ஊட்டுலதான் நிக்கோணும். பெத்தவ மேல சத்தியமாச் சொல்லுங்க."

டீக்கடையே பார்த்துக்கொண்டிருந்தது. செந்தில் சொன்னார்.

கார் கிளம்பியதும் நாச்சிமுத்துவே எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டார். பின்கண்ணாடிக்கு வெளியே நின்று அத்தையைக் கும்பிட்டார். அத்தையும் முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டார். அவர் பஸ் பிடிக்கப் போனபின் ரங்கராஜ் வந்து, ஒரு திருப்புளியால் இரண்டு நிமிடத்தில் கதவைத் திறந்தார். அத்தை யாரையும் பார்க்காமல் நேராகப் பாத்ரூமுக்குப் போனார். திரும்பி வந்து உட்கார்ந்ததும், நடந்ததை முழுசாகச் சொன்னோம்.

முறத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "எம்பட உசுர எதுக்குடா அந்தத் தகரத்தோட கொண்டுபோய்க் கட்டுன?" என்று மகனைக் கேட்டார்.

"அந்த ஆளுக்குச் சொன்னதுதானம்மா..."

"சத்தியம் சத்தியந்தான்" என்று முடித்துவிட்டார். என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. வெங்காயக் குழம்பு மட்டும் ஊற்றினார்.

மறுநாளே அந்தச் சென்சாரை மாற்றினோம். அதன்பிறகு கார் ஒருநாளும் நிற்கவில்லை. ஆகவே ரிப்பேரா, மாற்றுவதா என்ற வழக்கில் ஜெயித்தது நான்தான். வீட்டில் இதை நான் சத்தமாகச் சொல்வதில்லை.

நாச்சிமுத்துவுக்குச் சொந்தபந்தம் பெரிசு. கோபி, பவானி, பெருந்துறை என்று கதை பஸ்ஸேறிப் போய்விட்டது. வருடங்கள் கழித்து, போன தைமாதம் ஒரு கல்யாணத்தில், எங்களுக்கு அறிமுகமே இல்லாத ஓர் அம்மா அத்தையைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காருக்கோசரம் அளுத அம்மா நீங்கதானுங்களே? வண்டி சொகமா இருக்குதுங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தை முந்தானையால் கண்ணோரத்தை ஒற்றினார். அங்கே வெங்காயம் எதுவும் இல்லை.

"இருக்குதுங்க. போன மாசந்தான் முன்டயரு ரெண்டும் மாத்துனோம். நா ஒரு நாளைக்கு நாலு தடவ போய்ப் பாத்துக்குவனுங்க."

அந்த அம்மா நெகிழ்ந்துபோய் எழுந்து சென்றார். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. மேடையைப் பார்த்தபடியே சொன்னார்:

"பொய்யி சொன்னது நீயி, ஒரே ஒரு தடவ. இத்தன வருசமா ஓட்டிட்டிருக்கறது நானு. வா கண்ணு, பந்தி போட்டுட்டாங்க."