ஊசி தொடாத டெய்லர்

ஊசியைக் கையால் தொடாமலே டெய்லர் என்று பெயர் வாங்கிய மகான் உலகத்தில் ஒருவர்தான், அவர் செஞ்சிக்காரர். டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் டிரெய்லர் எங்கள் ஊர் வாயில் டெய்லர் ஆகிவிடும். அதை ரிப்பேர் செய்பவரும் டெய்லர்தான். பட்டறை போர்டிலும் அப்படியே எழுதியிருக்கும். ஒருமுறை ஜாக்கெட் துணியோடு ஒரு அம்மா வந்து நிற்க, சக்கரத்துக்கு அடியில் படுத்திருந்தவர் தலையைத் தூக்காமலே, "எத்தினி டன்னு ஏத்துவே?" என்று கேட்டாராம். அந்தம்மா இன்றுவரை அந்தத் தெருப்பக்கம் போவதில்லை.

கையில் எப்போதும் கிரீஸ் கன் இருக்கும். கிறீச்சென்று எது கத்தினாலும் விடமாட்டார். என் பாத்திரக்கடை ஷட்டருக்கு ஒருநாள் சொல்லாமல் அடித்துவிட்டுப் போனார். புது வேட்டியோடு அதில் சாய்ந்தது நான்தான்.

"பாத்திரக்கடைக்கு எதுக்கு மொதலாளி?" என்ற அவர் பேச்சைக் கேட்காமல் நானும் ஒரு டிராக்டரும் டிரெய்லரும் வாங்கினேன். ரிவர்ஸில் ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினால் அது வலது பக்கம் போகும். வீட்டில் என் பேச்சுக்கும் அதே மரியாதைதான், பழகியிருக்க வேண்டும். ஆனாலும் மதில் இடிந்தது.

பிறகு மகள் கல்யாணம் வந்தது, மேல்மலையனூரில். சம்பந்தி கோபக்காரர். "சீர் சபைக்கு வந்தப்புறம்தான் பொண்ணு மணையில உக்காரணும்" என்று கறாராகச் சொல்லியிருந்தார். டிரைவரை விட்டால் சீர் பீரோவில் கீறல் விழும் என்று, டிரெய்லரில் சீரை ஏற்றிக்கொண்டு வீரன் நானே ஓட்டக் கிளம்பினேன். அந்த நேரம் பார்த்து டெய்லர் போன் செய்தார்.

"மொதலாளி, சேப்டி பின்னு போட்டியா?"

புடவைக் கவலை இவருக்கு எதற்கு என்று நினைத்தபடி மனைவியைக் கேட்டேன்.

"ஆறு போட்டாச்சு, டெய்லரே."

"ஆறா? ஒரு ஓட்டைக்கா? யோவ், நில்லு, வர்றேன்!"

நான் நிற்கவில்லை. முகூர்த்தம் நிற்குமா? ஊரைத் தாண்டும்போது மொபெட்டில் துரத்தி வந்து மறித்தார். டிரெய்லரை டிராக்டரோடு சேர்க்கும் பெரிய பின் முக்கால்வாசி மேலே ஏறியிருந்தது. அது கழன்றுவிடாமல் குறுக்கே செருகும் குட்டிப் பின்தான் அவர் கேட்ட சேப்டி பின்.

"இன்னா மொதலாளி, பொண்ணு ஒரு பக்கம், சீரு ஒரு பக்கம் போவணும்னு வேண்டுதலா?"

பின்னைப் போட்டார். டிரெய்லரின் பின்கோடியில் நிறுத்தியிருந்த பீரோவை என் முதுகாலேயே முன்னால் தள்ளவைத்தார். "கனம் முன்னாடி இருக்கணும். இல்லாங்காட்டி வண்டி பின்னால சாஞ்சி டிராக்டரே தூக்கிக்கும்." இடுப்பு பிடித்துக்கொண்டது.

மண்டபத்தில் மேளம் ஆரம்பித்திருந்தது. ஓடிவந்த சம்பந்தி வீட்டு ஆட்கள் முதலில் பீரோவைப் பிடித்தார்கள். பின்னாலேயே வந்திருந்த டெய்லர் மொபெட்டிலிருந்தே கத்தினார்: "டேய், பின்னாடிலேர்ந்து எறக்குங்கடா, முன்கனம் போனா தூக்கிக்கும்!"

சம்பந்திக்கு முகம் சிவந்துவிட்டது. "யாருய்யா இந்த ஆளு? எங்க ஜனத்தை மெரட்றான்?"

டெய்லர் தன் கிரீஸ் சட்டையைப் பார்த்தார். "நான் கெளம்பறேன் மொதலாளி, பட்டறை தொறந்து கெடக்குது" என்று மொபெட்டைத் திருப்பினார்.

"எங்க பெரியண்ணன்" என்றேன் சம்பந்தியிடம்.

"அட, மொதல்லயே சொல்லக் கூடாதா? மூத்தவரு முன்னால வாங்க" என்று அவர் வழிவிட்டார். டெய்லர் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து, தேங்காய்த் தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தார்.

எனக்குக் கூடப்பிறந்தவர் யாரும் கிடையாது. ஆனாலும் அதைச் சொன்னபோது பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவே இல்லை.