பத்தாம் நம்பரில் என் இடுப்பு

இராஜபாளையம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை விஜயபாண்டி அவர்களுக்கு, மச்சான் வேலுசாமி எழுதுவது. இங்கே என் இடுப்பைத் தவிர அனைவரும் நலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் நீங்களும் என் தங்கை பாண்டிசெல்வியும் மருமகன் வல்லரசும் இடுப்பு உட்பட நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் தங்கை பிடுங்கிக்கொண்டு அழுவாள் என்பதால் கடிதம்.

கரண்ட் வைத்து வலியைப் போக்கும் என்று நீங்கள் கொடுத்தனுப்பிய மெஷின் வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை காதுகுத்தில் தரையில் சம்மணம் போட்டு வல்லரசை மடியில் வாங்க வேண்டிய தாய்மாமன், இப்போது நாற்காலியில் உட்காருவதே இரண்டு தவணையாக. ஆகவே மெஷினை முழுக்க நம்பினேன். ஒட்டுப் பட்டையை வெறும் முதுகில் ஒட்டச் சொல்லிப் படம் போட்டிருந்தது. காலமெல்லாம் பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவனுக்கு, காயத்துக்கு வைக்கும் காஸ் துணி இல்லாமல் உடம்பில் எதையும் ஒட்டக் கை வருமா? நாலு மடிப்பு மடித்து வைத்து, அதன்மேல் பட்டையை ஒட்டி, சுற்றிலும் கட்டும் போட்டேன். ஒன்றில் வைத்தேன், ஒன்றுமில்லை. ஐந்தில் வைத்தபோது லேசாகக் குறுகுறுத்தது, பார்த்தால் எறும்பு. பத்துக்கு மேல் நம்பர் இல்லை. தட்டுவதற்கு ஒரு பட்டன், பிசைவதற்கு ஒரு பட்டன். இரண்டையும் அமுக்கியாயிற்று, தட்டவும் இல்லை, பிசையவும் இல்லை. என் மனைவி மாரீஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, அம்புட்டுத் துணியச் சுத்திக்கிட்டா கரண்டு எப்படி வரும்? அத உருவிப் போடுங்க."

"ஏட்டி, சுத்தத்தப் பத்தி எனக்கே சொல்லுதியா? போயி காப்பியக் கொண்டா."

ஆகவே தெரிவித்துக்கொள்வது, மெஷின் பழுது. கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மடிக்கு என் சித்தப்பா மகன் குருசாமியைச் சொல்லிவிடுங்கள். அவன் இடுப்பு புதிதாகவே இருக்கிறது. எந்த வேலைக்கும் அதை அவன் வளைத்ததில்லை. எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வருத்தம் இருக்கிறது மாப்பிள்ளை. வல்லரசு பிறந்த அன்றே கடுக்கன் வாங்கி வைத்தவன் நான். அவன் இன்னொருத்தன் மடியில் அழுவதை நான் ஓரமாக நின்று பார்க்க வேண்டும்.

தங்கைக்கு ஆசி, மருமகனுக்கு முத்தம், உங்களுக்கு வணக்கம். உங்கள் வீட்டில் யாருக்கும் இடுப்பு என்று ஒன்று இருப்பதே தெரியாதபடி குலதெய்வம் காக்கட்டும்.

இப்படிக்கு,
நின்றபடியே கையெழுத்திடும்
வேலுசாமி

பின்குறிப்பு: மேலே உள்ளதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். கையெழுத்துப் போட்டதும் வீட்டில் கரண்ட் போய் ஃபேன் நின்றது. வேர்த்தது. எங்கள் கம்பெனித் துணி, ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சிவிட்டது. கட்டை நான் அவிழ்க்கவில்லை, பேட்டரி மெஷினும் பத்திலேயே இருந்திருக்கிறது. ஈரத் துணி வழியே தட்டுவதும் பிசைவதும் சேர்ந்தே வந்தன. துள்ளி விழுந்த இடத்தில் பார்த்தால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். "இப்பவாச்சும் எம்பேச்சக் கேப்பீகளா?" என்று மாரீஸ்வரி துணியை உருவி, பட்டையை நேராக ஒட்டி, இரண்டில் வைத்தாள். இதமாக இருக்கிறது. இதைத் தரையில் இருந்துதான் எழுதுகிறேன். மடி என்னுடையதுதான். ஆனாலும் குருசாமியை அவசியம் வரச் சொல்லுங்கள். உட்கார வந்துவிட்டது, எழுந்திருக்கத்தான் வரவில்லை, தூக்கிவிட ஆள் வேண்டும்.