பங்களா முற்றத்துச் சூரியக் கடிகாரம்

போர் எம்மை இடம்பெயர்க்கும் முன்னர் நான் கல்லூரியொன்றின் உப அதிபர். நான் தலையசைத்த பின்னரே அங்கு மணியடிக்கும். ஆகவே, மன்னார்த் தீவின் கீரியிலிருந்து பெருநிலத்துக்கு ஓடிவந்து, தென்னந்தோட்டமொன்றின் பழைய பங்களாவில் குடியேறியபோது, முற்றத்தில் நின்ற வெள்ளைக்காரர் காலத்துக் கற் சூரியக் கடிகாரத்தின் பொறுப்பை நானே ஏற்றேன். (யாரும் கேட்கவில்லை என்பது வேறு விடயம்.) போரால் பற்றரிக்குத் தடை; வீட்டு மணிக்கூடுகளெல்லாம் செத்துக் கிடந்தன.

மகள் ரெஜினாவின் கல்யாணம் தவக்காலத்துக்கு முந்திய நாள், காலை எட்டு மணிக்கு. தவக்காலத்தில் கோவிலில் கல்யாணம் இல்லை; அன்று தவறினால் உயிர்த்த ஞாயிறு கழியும்வரை பொறுக்க வேண்டும். அதற்குள் யார் எங்கே ஓடவேண்டி வருமோ!

முதல்நாள் மாலை கடிகாரத்தைப் பரிசோதித்தேன். நிழல் விழுத்தும் செப்புத் தகடு ஏறக்குறையப் படுத்துக் கிடந்தது. என் ஆங்கிலப் பாடநூலின் படத்திலோ அது கம்பீரமாக நிமிர்ந்திருந்தது. ஷெல் அதிர்ச்சியில் சாய்ந்துவிட்டதென முடிவுசெய்து, நெம்பி நிமிர்த்தினேன். (லண்டனில் நிமிர்ந்து நிற்கும் தகடு, பூமத்தியரேகைக்குக் கிட்டிய மன்னாரில் படுத்தே கிடக்க வேண்டுமென்பது பின்னர் வாசித்தறிந்தது.)

விடிந்தது. வெயில் ஏறியது. நிழல் மட்டும் ஆறரையை விட்டு அசைய மறுத்தது. கோவிலிலிருந்து, பாதிரியாருக்குப் பூசையில் உதவும் சங்கிலித்தாம் ஓடிவந்தார்.

"மாஸ்டர், சுவாமி காத்துக்கொண்டு நிக்கிறார். மாப்பிள்ளையும் வந்திட்டார். கெதியா வாங்கோ!"

"இன்னும் ஏழே ஆகேல்லை. சுவாமியை ஒரு செபமாலை சொல்லச் சொல்லும்."

மனைவி முகத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்தாள். "இஞ்சேருங்கோ, எனக்குத் தலை வெடிக்குது. உங்கட கல்லுக்குச் சுடேல்லையோ?"

"விஞ்ஞானம் வியர்வையைப் பார்த்து மணி சொல்லாது," என்றேன்.

சங்கிலித்தாம் மீண்டும் வந்தார். இம்முறை ஆறுதலாக நடந்து.

"சுவாமி பெரியமடுவுக்கு வெளிக்கிட்டிட்டார். அங்கையும் ஒரு கல்யாணம். மாஸ்டருக்கு ஏழு மணியாகட்டும் எண்டு சொல்லிப்போட்டுப் போறார்."

ரெஜினா கூறைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தேங்காய் ஏற்றிநின்ற ட்ராக்டர்ப் பெட்டியில் ஏறினாள்.

"அப்பா, நீங்கள் மணியைப் பார்த்துக்கொண்டிருங்கோ. நான் கட்டிப்போட்டு வாறன்."

நான் இருக்கவில்லை. கோட்டும் கழுத்துப்பட்டியுமாகத் தேங்காய்களின் மேல் உருண்டுகொண்டே போனேன். வழியில் மாப்பிள்ளையையும் ஏற்றினோம். பெரியமடுச் சிற்றாலயத்தில் இரண்டு சோடிகளுக்கும் சுவாமி ஒன்றாகவே ஆசீர்வாதம் கொடுத்தார். தோட்ட வேலைக்காக மலையகத்திலிருந்து வந்த மற்றச் சோடியின் குடும்பம் தம் பந்தியிலேயே எங்களையும் இருத்தியது. இன்றும் அவர்கள் வீட்டு நல்லது கெட்டது எதுவும் எங்களை விட்டு நடப்பதில்லை.

ரெஜினாவின் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். "எங்கட அம்மப்பா சூரியனையே மறிச்சு வைச்சவர்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்கள்.

அது தவறு. சூரியன் அன்றும் வழமைபோலவே சென்றது. மேலும், நான் நிமிர்த்திய பின்னரும் அந்தக் கடிகாரம் நண்பகலை மிகச் சரியாகவே காட்டியது.