ஏழாவது 'பி' பிரிவின் குப்பை

வாத்தியார் வேலையில் ஒரு வசதி உண்டு. மற்றவர்கள் தங்களுக்குப் புரியாத விஷயத்தை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வாத்தியாருக்கு அந்தச் சிரமம் இல்லை, நேரே வகுப்புக்குப் போய் அதைப் பாடமாக நடத்திவிடலாம். நானும் ஒரு தடவை அப்படி நடத்தினேன். அதில் என் வேலையே போகப் பார்த்தது.

அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. லாஸ்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். சேர்ந்து ஒரு வருடம் முடியப்போகிறது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் அறிவியல் பாடம் ஒவ்வொன்றிலும் 'நீடித்த நிலைத்தன்மை' இருக்க வேண்டுமாம். மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் தலையாட்டினேன். சுற்றுச்சூழல் சமாச்சாரம் என்பதைத் தவிர ஒன்றும் புரியவில்லை.

எங்கள் தலைமையாசிரியை பழைய பிரெஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பள்ளிக்கூடமே அவரை 'மதாம்' என்றுதான் கூப்பிடும். கோபம் வந்தால் தமிழை விட்டு பிரெஞ்சுக்குத் தாவிவிடுவார். அன்று நல்லவேளையாகத் தமிழில் பேசினார்.

"வெள்ளிக்கிழம கல்வி அதிகாரி வராரு. ஏழாவது 'பி'ல உன்னோட மாதிரி வகுப்பு. அது நல்லா நடந்துச்சுன்னா அடுத்த மாசமே பெர்மனென்ட் ஆர்டர் வாங்கிக்க."

வேதியியல் எடுக்கும் லூர்து சாரிடம் ஓடினேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனிதர், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார்.

"இதுக்கு ஏம்மா மண்டைய உடைச்சிக்கிற? வழக்கமான பாடத்த நடத்து. கடைசியில ஆளுக்கொரு மரம் நடச் சொல்லி முடிச்சிடு. எந்தப் பாடமா இருந்தாலும் மரம் பொருந்தும்."

அதைக் கேட்டிருக்கலாம். (கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.) இளரத்தம், புதுமை செய்யவேண்டும் என்ற அரிப்பு. நான் எடுத்துக்கொண்ட பாடம் அளவீடு. பிள்ளைகள் தினமும் வீட்டுக் குப்பையைக் கொண்டுவர வேண்டும், நனையாத காய்ந்த குப்பை மட்டும். அதை எடை போட்டு நோட்டில் எழுத வேண்டும். எடையைப் பார்த்ததும் 'அடடா, நம் வீட்டில் இவ்வளவு குப்பையா' என்று மனம் வருந்திக் குறைப்பார்கள். திங்கட்கிழமை உயரத்தில் தொடங்கும் கோடு வெள்ளிக்கிழமை தரைக்கு வந்துவிடும். அதிகாரி கைதட்டுவார். இதுதான் திட்டம்.

தராசுக்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. என் கணவர் குமாருக்குத் தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை. அங்கே இரும்புத்தூள் நிறுக்கும் தராசை வாங்கிக்கொண்டேன்.

பிள்ளைகளுக்கு ஓர் ஊக்கம் வேண்டாமா? "தினமும் குப்பை கொண்டுவந்து எடை போட்டா அஞ்சு மார்க். கொண்டு வரலன்னா ஜீரோ" என்று அறிவித்தேன். வீட்டுப்பாடத்துக்கும் அதுதானே வழக்கம்!

திங்கட்கிழமை மொத்தம் மூன்று கிலோ. எல்லோரும் கொண்டுவந்திருந்தார்கள், ரிஸ்வானாவைத் தவிர. வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பிள்ளை.

"எங்க வீட்ல குப்பை இல்ல மிஸ்."

"குப்பை இல்லாத வீடு உலகத்துல எங்கடி இருக்கு? சாக்குச் சொல்லாத."

சிவப்பு மையில் ஒரு ஜீரோ போட்டேன். உருண்டையாக, அழகாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஏழு கிலோ. புதன்கிழமை பதினாறு. எனக்குத் தலை சுற்றியது. மனம் வருந்த வேண்டிய பிள்ளைகள் பூரிப்போடு எடை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தராசில்தான் கோளாறு என்று நினைத்து அதை வீட்டுக்குத் தூக்கி வந்து, ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துப் பார்த்தேன். ஐந்து கிலோ காட்டியது. குமார் கடுப்பாகிவிட்டார்.

"தராசு மேல பழி போடாத. வருஷக்கணக்கா இரும்ப நிறுக்குது, ஒரு நாள் பொய் சொன்னதில்ல. புள்ளைங்ககிட்ட என்னா சொல்லித் தொலைச்ச?"

"ஒண்ணும் சொல்லலியே" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன்.

வியாழக்கிழமை காலையில் ஒரு பையனின் அப்பா சேதராப்பட்டு கம்பெனி வேலைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்தினார். பின்சீட்டில் இரண்டு மூட்டை அட்டைப்பெட்டி. "மிஸ், இது போதுங்களா, சாயங்காலம் இன்னும் ரெண்டு கொண்டாரவா?" என்றார். எவ்வளவு அக்கறையான பெற்றோர் என்று நெகிழ்ந்து நன்றி சொன்னேன். அன்றைய எடை முப்பத்தொன்று. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. இப்படியும் ஒரு மக்கு இருக்க முடியுமா என்றால், முடியும்.

வெள்ளிக்கிழமை. சுவரில் மாட்ட வேண்டிய வரைபடத்தைப் பார்த்தால் கோடு மலை ஏறிக்கொண்டிருந்தது. அதிகாரியின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டது. பதற்றத்தில் ஒரு யோசனை வந்தது. ஏறுகிற கோட்டைத் தலைகீழாக மாட்டினால் இறங்கும்தானே? மாட்டினேன். இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. எம்.எஸ்.ஸி. இயற்பியல் படித்தவளுக்கு அன்றுதான் அது தெரிந்தது. எண்கள் மட்டும் குப்புறக் கிடந்தன.

அதிகாரி உள்ளே வந்தார், பின்னாலேயே மதாம். அதிகாரி கழுத்தைச் சாய்த்து அந்த எண்களைப் படித்தார்.

"ஏம்மா, குப்ப குறையணும். இங்க ஏறிக்கிட்டே போவுதே, ஏன்?"

நான் வரைபடத்தின் ஆணியைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டேன். அவர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். ரிஸ்வானா எழுந்து நின்றாள். அவள் காலடியில் வகுப்பிலேயே பெரிய மூட்டை.

"திங்கக்கிழம எங்க வீட்ல குப்ப இல்ல சார். அம்மா தையல் வேல செய்றாங்க, வெட்டுத்துணியக் கூட மிதியடி தெச்சிருவாங்க. கடைக்கும் துணிப்பைதான் சார். மிஸ் ஜீரோ போட்டாங்க. அதனால அத்தா கடையில போயி நூறு பேப்பர் பிளேட்டு வாங்கியாந்தாரு."

"விசேஷமா வீட்ல?"

"இல்ல சார். சும்மா கசக்கிக் கொண்டாந்தோம்."

அவ்வளவுதான், அணை உடைந்தது. "எங்கம்மா பிஸ்கட்ட டப்பாவுல கொட்டிட்டு கவரக் குடுத்தாங்க சார்!" "நாங்க பக்கத்து வீட்ல கேட்டு வாங்கினோம் சார்!" வகுப்பே பெருமையோடு கத்தியது.

அப்போதுதான் உறைத்தது. மொத்த வகுப்பிலும் அந்தப் பாடத்தை ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த வீடு ஒன்றே ஒன்று. அதற்குத்தான் நான் ஜீரோ போட்டிருக்கிறேன். வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம். ஏதாவது பேசியாக வேண்டுமே! வாய் தன்பாட்டுக்குத் திறந்தது.

"ஆகவே மாணவர்களே, ஆளுக்கொரு மரம் நடுவோம்!"

அதிகாரி பார்வையாளர் புத்தகத்தில் இப்படி எழுதிவிட்டுப் போனார்: "குப்பையை உருவாக்க ஆசிரியை நன்கு பயிற்சி அளித்துள்ளார். அளவீடு துல்லியம்." மதாம் அன்று சாயங்காலம் வரை பிரெஞ்சிலேயே பேசினார். ஒரு வார்த்தை புரியவில்லை, பாராட்டு இல்லை என்பது மட்டும் புரிந்தது. பெர்மனென்ட் ஆர்டர் ஒரு வருடம் தள்ளிப்போனது.

மார்க் பதிவேட்டில் திருத்தம் செய்ய எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டும் என்பது பள்ளி விதி. அன்று சாயங்காலமே நானே என் கையால் எழுதினேன்: "இம்மாணவியின் வீட்டில் குப்பை இல்லாத குற்றத்துக்காகப் பூஜ்யம் வழங்கிவிட்டேன். அதை ஐந்தாகத் திருத்த அனுமதி வேண்டுகிறேன்." மதாம் அதைப் படித்துவிட்டுத்தான் மறுபடி தமிழுக்கு வந்தார். "ஒரு வாரத்துல நீ உருப்படியா எழுதினது இது ஒண்ணுதான்" என்று கையெழுத்துப் போட்டார். ரிஸ்வானாவிடம் வகுப்புக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அவள் பெருந்தன்மையாக, "பரவால்ல மிஸ், அந்தப் பிளேட்ட அம்மா இஸ்திரி போட்டு வெச்சிருக்காங்க" என்றாள்.

எங்கள் மகள் இப்போது நாலாவது படிக்கிறாள். போன வாரம் கணக்கில் குறைந்த மார்க் வாங்கி வந்தாள். நான் குரலை உயர்த்தி, "எங்கடி போச்சு மிச்ச மார்க்கு?" என்று ஆரம்பித்தேன். குமார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"வுடு, திட்டாத. பாவம், அவ வீட்ல குப்ப இல்ல போல."