அன்னக்கொடி வகுப்பில் நான் ஓடிய ஓட்டம்

வாடிப்பட்டி,
12.7.83

மதிப்புக்குரிய மாப்பிள்ளை வெள்ளைத்துரை அவர்களுக்கு, மச்சான் வீரணன் எழுதுவது. இங்கே நானும் என் பலசரக்குக் கடையும் சுகம். தல்லாகுளத்தில் நீங்களும், என் தங்கச்சியிடம் தினப்படி திட்டு வாங்கிக்கொண்டு, ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சங்கதி அவசரம். இங்கிலீஷ் என்றாலே வயிற்றுவலி என்று சுருண்டு படுத்த என் மகள் அன்னக்கொடி, இப்போது நான் கடை திறப்பதற்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்தில் போய் நிற்கிறாள். எல்லாம் புதிதாக வந்திருக்கும் ஆனிமேரி டீச்சரால்தான். பூட்டு, சீப்பு, கரண்டி, தேங்காய் என்று என் கடைச் சாமானை வகுப்பு நடுவில் பரப்பி, டீச்சர் இங்கிலீஷில் ஒரு பேரைச் சொல்ல, இரண்டு பக்கமிருந்தும் ஒவ்வொரு பிள்ளை ஓடிவந்து அதை முந்தி எடுக்க வேண்டும். சாமான் கொடுக்கப் போன நான் சும்மா திரும்புவேனா, "நானும் ஓடுறேன் டீச்சர்" என்று வேட்டியை மடித்துக் கட்டிவிட்டேன். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, எதிர்ப்பக்கம் நின்ற அன்னக்கொடியின் கண் போகிற பக்கம் பாய்ந்து இரண்டு ஆட்டம் ஜெயித்தேன். "டீச்சர், எங்கப்பா என் கண்ணப் பாத்துக் காப்பியடிக்குது!" என்று கத்தியது கழுதை. அடுத்து டீச்சர் "ஸ்பூன்" என்றார். அவள் பூட்டையே முறைத்தாள், நான் பூட்டின் மேல் போய் விழுந்தேன், அவள் சாவகாசமாக நடந்துபோய்க் கரண்டியை எடுத்தாள். விடுவேனா? மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். நேற்று தேங்காயோடு நான் உருண்டதில் கரும்பலகை சாய்ந்துவிட்டது. சத்தம் கேட்டு வந்த எட்மாஸ்டர் டீச்சரை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "நாளையிலருந்து நிப்பாட்டிருங்கம்மா, ஊரே வேடிக்கை பாக்குது" என்றது என் காதில் விழுந்தது.

ஆட்டம் நின்றால் பிள்ளைக்கு மறுபடி வயிற்றுவலி வந்துவிடும் மாப்ள. நான் விடுவதாக இல்லை. கோர்ட்டு ஆபீஸில் இங்கிலீஷிலேயே குப்பை கொட்டுகிற நீங்கள் வெள்ளிக்கிழமை வந்து, அந்த மனுசனிடம் இங்கிலீஷில் சண்டை போட்டே ஆக வேண்டும். தங்கச்சியிடம் பேசுவதுபோல முணுமுணுக்காமல், சத்தமாகப் பேசுங்கள்.

தங்கச்சி கோபம் தணிந்து, பிள்ளைகள் கெட்டிக்காரர்களாகி, உங்கள் உத்தியோகம் உயர மீனாட்சி துணை இருப்பாள்.

இப்படிக்கு,
வீரணன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில் அன்னக்கொடி படித்துவிட்டாள். "யப்பா, எட்மாஸ்டர் நிப்பாட்டச் சொன்னது ஆட்டத்த இல்ல, ஒன்னயத்தேன்" என்கிறாள். சீப்பு வாங்க வந்த டீச்சரிடம் கேட்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஆமாம் என்றார். ஆகவே சண்டை வேண்டாம். இருந்தாலும் வெள்ளிக்கிழமை அவசியம் வாருங்கள். எட்மாஸ்டர் என்னைத்தானே வரக்கூடாது என்றார், உங்களை இல்லையே! நீங்கள் உள்ளே ஓடுங்கள், நான் ஜன்னலில் நிற்கிறேன். பெரியவர்கள் பக்கம் ஒரு ஆட்டமாவது நியாயமாக ஜெயித்தாக வேண்டும் மாப்ள.